அரைத்துளிப் பெரும்போர்

வாழ்க, தனிமங்களின் தலைமகனே! வரிசையின் முதல் இருக்கையில் அமர்ந்து, ஒற்றைப் புரோட்டானை முடியாகவும் ஒற்றை எலக்ட்ரானைக் குடையாகவும் தாங்கி, நிறமும் மணமும் சுவையும் இன்றி, முன்கோபம் மட்டும் குறைவின்றி விளங்குபவனே! கதிரவனின் வயிற்றில் ஓயாது கொதிப்பவனே! மூடி சற்றே திறந்தால் போய்வருகிறேன் என்று ஒரு சொல்லும் சொல்லாமல் வானேகிவிடும் நன்றியற்ற நாயகனே! ஹைட்ரஜனே! உன்னையும், இரும்பைத் துருவாக்கி, விறகைச் சாம்பலாக்கி, நறுக்கிவைத்த ஆப்பிளைப் பழுப்பாக்கி, மூச்சுவிடும் உயிரனைத்தையும் தன் தயவில் வைத்திருக்கும் ஆக்சிஜனையும், கொரிய நாட்டுப் பாம்கோல் பள்ளத்தாக்கில் நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஒரே குழாயில் அடைத்து, மோதவிட்டு, அரைத்துளித் தண்ணீர் பெற்ற பெரும்போரைப் பாடப் புகுகிறேன். என் நாவில் வந்து நில். குழாயில் நிற்பதில்லை என்று உன்மேல் ஒரு புகார் உண்டு. நாவிலாவது நில்.

இப்போரை நடத்தியவள் பியோ ஹாரின். பாம்கோல் நடுநிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை, இருபத்தாறு வயதினள், வேதியியல் பட்டதாரி, பதினோரு மாணவர்களின் படைத்தலைவி. அவள் குரலைவிடப் பனி உருகும் ஓசை பெரிது. தொலைபேசியில் கோழி வறுவல் கேட்க அஞ்சி, மூன்று கிலோமீட்டர் நடந்துபோய், கடைப்பட்டியலை விரலால் தொட்டுக் காட்டி வாங்கி வரும் வீராங்கனை அவள்.

அவளுக்கு ஒரு நாடு இருந்தது. ஒன்பது மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம்; வடக்கே கரும்பலகை, தெற்கே பிளாஸ்டிக் எலும்புக்கூடு, கிழக்கே இரண்டு குழாய்கள் உள்ள கழுவுதொட்டி, மேற்கே பூட்டு சரியில்லாத அமில அலமாரி. அதற்கு அறிவியல் அறை என்று பெயர். அந்நாட்டின்மேல் ஒரு பேரரசி கண் வைத்தாள்.

அவள் பெயர் போங் சுன்ரே. மகளிர் சங்கத் தலைவி. முழங்கைவரை ஏறிய சிவப்பு ரப்பர் கையுறையே கவசமாக, மிளகாய்த்தூளே போர்ப்புழுதியாக, ஒரே காலையில் நானூறு முட்டைக்கோஸ்களை உப்பில் வீழ்த்திய கை. முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போடும் பருவம் வந்துவிட்டது. ஊருக்குப் பொதுவாக ஆறு பெரிய குளிர்பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. அவற்றை நிறுத்த இடமில்லை. அவள் தலைமையாசிரியையின் முன் போய் நின்றாள்.

“பதினோரு பிள்ளைங்க. அவ்வளவு பெரிய ரூமு. உள்ள என்ன இருக்கு? ஒரு எலும்புக்கூடு. அதுவும் பிளாஸ்டிக்கு. பூட்டிப் போட்டா எலும்புக்கூடு கெட்டா போயிடும்? என் கிம்ச்சி கெட்டுப்போகும்மா.”

தலைமையாசிரியை ஹ்வாங் நீதியில் தராசு, சிக்கனத்தில் பூட்டு. அவர் இரு தரப்பையும் நோக்கித் தீர்ப்பு உரைத்தார்.

“சனிக்கிழமை திறந்த வகுப்பு. ஊர்க்காரங்க இருபது பேர் வரணும், பார்க்கணும், வருகைப் பதிவேட்டுல பேர் பதியணும். பதிஞ்சா ரூம் டீச்சருக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் திங்கக்கிழமை குளிர்பெட்டி உள்ள வரும்.”

இருபது பேர்! தன் வாழ்நாளில் ஒரே நேரத்தில் மூன்று பெரியவர்களை நிமிர்ந்து பார்த்தறியாத ஹாரின் அன்று மதியச் சோற்றில் பாதியை மீதம் வைத்தாள்.

ஆயினும் படை திரட்டினாள். நான்கு பெரிய ஊசிக்குழல்களில் ஹைட்ரஜன், இரண்டில் ஆக்சிஜன். இரண்டுக்கு ஒன்று என்பது அவ்விரு குலங்களின் மாறாத கலப்பு விகிதம். ஆக, இரண்டு தாக்குதலுக்குப் போதுமான படை. போரின் முடிவில் தோன்றுவது புதுத்தண்ணீர்தான், முன்பே ஒட்டியிருந்த ஈரமன்று என்று நிறுவ, படை முழுவதையும் உலரவைத்தாக வேண்டும். அதற்கு, உப்பிட்டு வறுத்த கடற்பாசிப் பொட்டலங்களின் அடியில் கிடக்கும், தின்னாதே என்று எழுதிய ஈரமுறிஞ்சிப் பைகளைச் சேர்த்தாள். நாற்பது பைகளுக்காக நாற்பது பொட்டலம் கடற்பாசியை மூன்று வாரம் தனியாகத் தின்றாள். தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனாக நீலநிறக் கோபால்ட் காகிதம் இருந்தது. ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாகும். எட்டுத் துண்டுகள் இருந்தன. பயத்தில் வியர்த்த அவளுடைய விரல்கள் பட்டே ஏழு துண்டுகள் போருக்கு முன் சிவந்துவிட்டன. எட்டாவதை இடுக்கியால் பிடித்து ஒரு சிமிழுக்குள் வைத்தாள். அதற்குப் பின் அச்சிமிழைப் பார்க்கும்போதெல்லாம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஊரை அழைக்கும் வேலை மட்டும் எஞ்சியது. அது அவளால் ஆகாது. ஒரு தாளில் எழுதி ஊர்த்தலைவர் ஓக் தூசிக்கின் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

இங்கே ஒரு சொற்கொடுமையைச் சொல்லியாக வேண்டும். கொரிய மொழியில் ஹைட்ரஜனுக்குச் ‘சுசோ’ என்று பெயர். காளைமாட்டுக்கும் ‘சுசோ’ என்றே பெயர். ஆக்சிஜன் ‘சன்சோ’. மலைச்சரிவில் முன்னோரைப் புதைத்த மேட்டையும் மரியாதையாகச் சொன்னால் ‘சன்சோ’. நகரத்துப் பிள்ளைகளுக்கு இதனால் குழப்பம் வருவதில்லை. அவர்களிடம் காளையும் இல்லை, மேடும் இல்லை. பாம்கோலில் இரண்டும் இருந்தன. ஒன்று மற்றொன்றின்மேல் ஏற்கெனவே ஒருமுறை ஏறியும் இருந்தது.

ஏறியது சொன்டுங். இடி என்று பொருள். எண்ணூறு கிலோ எடையும், அரிவாள் வளைவுக் கொம்பும், மாவட்டக் காளைச்சண்டையில் இரண்டாம் பரிசும் உடைய அக்காளை, தாக் மன்போக்கின் கண்ணின் மணி. ஏறப்பட்டது, பள்ளிக்குப் பின்னால் உள்ள சரிவில் இருக்கும், அடுத்த வீட்டுக் குவாக் ஜோங்தேயின் தாத்தாவின் மேடு. சென்ற ஆண்டு அறுவடைத் திருநாளன்று கட்டறுத்துக்கொண்டு போன சொன்டுங், மேட்டின் புதுப்புல்லைப் பாதி மேய்ந்துவிட்டது. தாக் வந்து மேட்டின் முன் முறைப்படி இரண்டு முறை விழுந்து வணங்க வேண்டும் என்றார் குவாக். வணங்கத்தான் கிளம்பினார் தாக். ஆனால் குவாக் போகிற போக்கில் காளையைக் கொழுத்த பன்றி என்றுவிட்டார். அன்றிலிருந்து பதின்மூன்று மாதம், ஒரே வேலியின் இருபுறமும் நின்று பல் துலக்கும் இருவரும் ஒருவரோடொருவர் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஊர் ஒலிபெருக்கியில் முதலில் ஒரு பழைய காதல் பாட்டு அலறியது. பிறகு ஊர்த்தலைவரின் குரல் எழுந்தது.

“ஆ, ஆ. கேக்குதா? கேக்குதுல்ல. ஊர்ப் பெரியவங்களுக்கு வணக்கம், நான் தூசிக் பேசுறேன். பள்ளிக்கூடத்துலேர்ந்து கடுதாசி வந்திருக்கு. எழுதியிருக்கிறத அப்படியே படிக்கிறேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு, பள்ளி மைதானத்துல, சுசோவும் சன்சோவும் சந்திக்கும். தீ வைக்கப்படும். வெடிக்கும். தண்ணி வரும். இருபது பேர் தேவை.” சிறிது நேரம் தாளின் சரசரப்பு. “அவ்வளவுதான் போட்டிருக்கு. எனக்கும் ஒண்ணும் புரியல. ஆனா கையெழுத்து அழகா இருக்கு, தப்பா இருக்காது. எல்லாரும் வந்துடுங்க.”

அறுபது வீடுகளில் கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. காளையும் மேடும் சந்திக்குமாம்! தீயாம்! வெடியாம்! இருபது பேர் வேண்டுமாம், பிடித்துக்கொள்ளத்தான் இருக்கும்! தாக் மன்போக் தம் காளைக்குப் பள்ளிக்கூடம் விழா எடுக்கிறது என்று கொண்டார். வெடி என்பது வாணவேடிக்கை, தண்ணீர் என்பது குளிப்பாட்டல் என்று உரை வகுத்தார். குவாக் ஜோங்தேயோ, அரசுப்பள்ளியின் துணையோடு தம் தாத்தாவின்மேல் இரண்டாம் படையெடுப்பு என்று கொண்டு, மண்வெட்டியைத் தீட்டத் தொடங்கினார்.

மறுநாள் விடிந்தது.

மைதானத்தின் நடுவே ஒரு மேசை. மேசைமேல் ஒரு தடித்த கண்ணாடிக் குழாய், இரும்புத் தாங்கி, ஊசிக்குழல்கள், நீண்ட மூக்குள்ள எரிவாயுப் பற்றவைப்பான், சிமிழ், வருகைப் பதிவேடு, சிவப்பு மைப்பெட்டி. மேசைக்குப் பின்னால், மேசையளவே அசைவுள்ள ஹாரின். படிக்கட்டில் பதினோரு மாணவர்கள். பத்து மணிக்கு வாயில் வழியே முதலில் நுழைந்தது மணியோசை. அடுத்து நுழைந்தது கொம்பு. கழுத்தில் செம்பட்டும் மணிகளும் புனைந்து, நடக்கும் மலையென, மூச்சுவிடும் பாறையென, மைதானத்தின் சரளை நெறுநெறுக்க வந்து நின்றது சொன்டுங்.

ஹாரின் பாடத்திட்டத்தை மனத்துக்குள் ஒருமுறை புரட்டினாள். அதில் காளை எங்கும் இல்லை.

அதன் பின்னால் மண்வெட்டியோடு குவாக் வந்தார்.

“அந்தப் பன்னிய மலைப்பக்கம் திருப்பினா காலை உடைப்பேன்” என்றார், யாரையும் பார்க்காமல்.

“யாரோ பேசுறாங்களே. யார் காலைன்னு கேட்டுச் சொல்லுங்க தலைவரே, மாட்டுக் காலா, அவங்க காலா?” என்றார் தாக், வானத்தைப் பார்த்து.

“பதின்மூணு மாசம் கழிச்சுப் பேசுறீங்க, நல்லதா ரெண்டு பேசக்கூடாதா?” என்றார் ஊர்த்தலைவர், கையில் கைஒலிபெருக்கியுடன்.

பின்னால் ஊர் வந்தது. பிளாஸ்டிக் முக்காலிகளும், வெந்நீர்க் குடுவையும், பொடிக்காப்பிக் குச்சிப்பொட்டலங்களும் வந்தன. ஹாரின் எண்ணினாள். பதினேழு. பதினெட்டு. தாமதமாக வந்த பல் வைத்தியருடைய தாயார், பத்தொன்பது. இருபதாவது ஆள் வாயிலில் தோன்றினாள். முழங்கைவரை சிவப்பு.

“நானும் பாக்கணும்ல” என்றாள் போங் சுன்ரே. “திங்கக்கிழமை பெட்டிய எந்தப் பக்கமா நிறுத்துறதுன்னு.”

தாக் மேசைக்கு வந்தார். “டீச்சர், ஒரே ஒரு கேள்வி. என் புள்ளைய வெடிக்க மாட்டீங்கல்ல?”

“இது... அந்த சுசோ இல்லைங்க” என்றாள் ஹாரின். கேட்டவர் எவருமில்லை. அவள் திரும்பி, கொண்டுவந்திருந்த பலகையில் 2H₂ + O₂ → 2H₂O என்று எழுதினாள். ஊர்த்தலைவர் அதை நெடுநேரம் பார்த்தார். தாம் படித்த தாளைப் பார்த்தார். காளையைப் பார்த்தார்.

“அடடா” என்றார் கைஒலிபெருக்கியில். “காத்தாம்ப்பா. ரெண்டும் காத்து.”

ஊர் பெருமூச்சு விட்டது. அதில் நிம்மதி கொஞ்சம், ஏமாற்றம் நிறைய.

“அப்போ மாடு வெடிக்காதா?” என்றார் பல் வைத்தியருடைய தாயார்.

“வந்தது வந்துட்டோம், காப்பி கலக்கியாச்சு. காத்தையே பாத்துட்டுப் போவோம்” என்றது ஒரு முக்காலி. அந்த முக்காலியை நான் இன்றுவரை வாழ்த்துகிறேன்.

தாக் மட்டும் நகரவில்லை. “வெடின்னு போட்டிருக்கே, சத்தம் வருமா? வந்தா ஒண்ணும் பயமில்ல. இவன் சந்தையில, அரிசிப்பொரி வெடிக்கிற மிஷின் பக்கத்துலயே கட்டிவெச்சு வளந்தவன். ஆனா ஒண்ணு. அந்தப் பொரிக்காரர் வெடிக்கிறதுக்கு முன்னாடி ‘பொங்-இயோ!’ன்னு கத்துவாருல்ல, அதக் கேட்டா நாலு காலையும் ஊனி நின்னுடுவான், உலகமே வெடிச்சாலும் அசையமாட்டான். கத்தாம வெடிச்சா நான் பொறுப்பில்ல. நீங்க கத்தணும். பலமா.”

அவள் முகம் சுண்ணாம்பாயிற்று. அமிலம் கொட்டினால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். கண்ணில் தெறித்தால் என்ன செய்வது என்று தெரியும். கத்துவது எப்படி என்று எந்தப் பாடநூலிலும் இல்லை.

முதற்போர் தொடங்கிற்று. இரண்டு ஊசிக்குழல் ஹைட்ரஜன், ஒன்று ஆக்சிஜன், ஈரமுறிஞ்சிகளின் ஊடே உலர்ந்து குழாய்க்குள் புகுந்தன. வாய் கீழாகப் பிடித்தால் ஹைட்ரஜன் மேலேறி அடிப்பக்கத்தில் முட்டி நிற்கும். வாய் மேலானால் அக்கணமே குடிபெயரும். இதை அறிந்தவள் வாய் கீழாகவே இரு கையாலும் ஏந்தி, எல்லோரும் காணட்டும் என்று முன்வரிசைக்கு நடந்தாள். முன்வரிசையில் இருந்தவர் குவாக் ஜோங்தே. வயது எழுபத்தெட்டு.

ஐயகோ! பெரியவர் ஒருவர் முன் வந்து நின்றுவிட்டு வணங்காதிருக்கும் முதுகெலும்பு கொரிய நாட்டில் எவருக்கும் படைக்கப்படவில்லை. கையில் இருப்பதை இரு கையாலும் நீட்டி, இடுப்பிலிருந்து முழுதாகக் குனிந்தாள் ஹாரின். அவள் குனியக் குனியக் குழாய் நிமிர்ந்தது. தலை தரை நோக்கிய கணத்தில் குழாயின் வாய் வானை நோக்கிற்று. பிரபஞ்சத்தின் மூத்த மகன், அத்தனை வாழ்த்தும் பெற்றவன், சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டான்.

அவள் அறியவில்லை. மேசைக்கு மீண்டு, உதட்டளவில் “பொங்-இயோ” என்றாள். தீயை நீட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. தீ கூடச் சலிப்போடு ஆடிற்று.

“வெடிச்சுடுச்சா?” என்றார் பல் வைத்தியருடைய தாயார்.

“என் கிம்ச்சி ஜாடிய மூணு நாள் கழிச்சுத் தொறந்தாக் கூட இதவிடப் பெரிய சத்தம் வரும்” என்றாள் போங். முக்காலிகள் சிரித்தன. சில முக்காலிகள் எழுந்தன. தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஹாரினின் கண் கலங்கிற்று. அந்த நீரும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் இருந்தது என்பதை அவள் அறிவாள், ஆறுதல் கிடைக்கவில்லை. ஆனால் குழாயை நோக்கினாள், தன் முதுகை நினைத்தாள், நடந்ததை உணர்ந்தாள். எஞ்சிய படையைக் குழாயில் ஏற்றினாள். இம்முறை வாய் கீழாக இரும்புத் தாங்கியில் இறுக்கித் திருகினாள். பிறகு விலகிவந்து, வெறுங்கையோடு ஊருக்கு ஒரு வணக்கம் செய்தாள். எழுந்தவர்கள் மரியாதைக்கு உட்கார்ந்தார்கள்.

குழாய்க்குள் என்ன நடந்தது என்பதை ஊர் காணவில்லை, காவியம் காணும். அங்கே ஹைட்ரஜன் குலத்தார் இருவர் இருவராய்க் கைகோத்தும், ஆக்சிஜன் குலத்தார் இருவர் இருவராய்த் தோள்தழுவியும், நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் பறந்து, முட்டி, விலகி, மறுபடி முட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயினும் ஒருவரை ஒருவர் தீண்டிச் சேரவில்லை. ஒரே குழாயில் அடைபட்டும் பகை மூளாமல், உறவும் மூளாமல், வேலியின் இருபுறமும் பல் துலக்குவோர் போல் இருந்தார்கள். பழைய கைப்பிடியை முதலில் விட எவருக்கும் மனமில்லை. விடவைக்க ஒரு தீப்பொறி வேண்டும்.

ஹாரின் தீயை எடுத்தாள். கத்த வேண்டும். வாய் திறந்தாள். தொண்டையில் குரல் திரண்டது, பல்வரை வந்தது, அங்கே இருபது முகங்களைக் கண்டது, திரும்பிப் போய்விட்டது. கை மட்டும் போயிற்று.

தீ தொட்டது. ஒரு பிடி அறுந்தது. அறுந்தவன் எதிர்க்குலத்தானைப் பற்றினான், அவன் பிடி அறுந்தது. ஒருவர் இருவராய், இருவர் நால்வராய், நால்வர் நாலு கோடியராய், கண்ணிமை பாதி இறங்குமுன் எல்லாக் கைகளும் விட்டு எல்லாக் கைகளும் பற்றி, ஒவ்வோர் ஆக்சிஜனின் தலையிலும் இரண்டு ஹைட்ரஜன் கொம்புகளாய் விரிந்து நிலைகொள்ள, பழைய பிடியைவிடப் புதிய பிடி இறுக்கமாதலால், மிச்சமான வலிமையெல்லாம் வெப்பமாகிக் குழாயின் வாய்வழியே வெளியேறியது.

படார்!

சன்னல்கள் அதிர்ந்தன. காப்பிகள் தளும்பின. மலை அதை வாங்கி மறுபடி ஒருமுறை சொல்லிக் காட்டிற்று. பதினோரு மாணவர்களும் ஒரே குரலில் “ஆ!” என்றார்கள், பாடவேளையில் அவர்கள் ஒரே குரலில் சொன்ன முதல் சொல் அது.

இடி என்ற பெயருடைய சொன்டுங், இடியைக் கேட்டது. முன்னறிவிப்பில்லாத இடி. எண்ணூறு கிலோவும் ஒரே கணத்தில் புறப்பட்டன. கயிறு தாக்கின் கையை விட்டுப் போயிற்று. மைதானம் கடந்து, கால்பந்து வலையைக் கொம்பில் மாலையாகச் சூடி, பின்வேலியைப் பொருட்படுத்தாமல், மலைச்சரிவில் ஏறிற்று.

“தாத்தா!” என்று அலறினார் குவாக். “ஏய், அங்க எந் தாத்தா இருக்காருப்பா!”

“கண்ணு! நில்லுடா கண்ணு!” என்று அலறினார் தாக்.

ஊரே எழுந்து ஓடிற்று. பதிவேட்டின் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. அதை ஒருமுறை பார்த்தாள் ஹாரின். சரிவில் ஏறும் காளையைப் பார்த்தாள். அது இன்னும் நாற்பது தாவலில் மலைமுகடு தாண்டும், அப்பால் நெடுஞ்சாலை. இருபது கையெழுத்தும் அதோடு போகும். அவள் மேசைமேல் ஏறினாள். இருபத்தாறு ஆண்டு சேமித்த குரல் முழுவதையும் ஒரே தவணையில் வெளியே விட்டாள்.

“பொங்-இயோ!”

பள்ளத்தாக்கு நடுங்கிற்று. பறவைகள் எழுந்தன. எங்கோ ஒரு நாய் மன்னிப்புக் கேட்பது போல் ஊளையிட்டது.

சொன்டுங் கேட்டது. பால்குடி நாளிலிருந்து பழகிய எச்சரிக்கை. ஓடிய வேகத்தில் நின்றது, நான்கு காலையும் ஊன்றிற்று, வரப்போகும் வெடிக்குக் காதுகளை மடக்கிக்கொண்டு, தளபதியின் சிலைபோல் அசையாது நின்றது. நின்ற இடம் குவாக் தாத்தாவின் மேட்டு உச்சி.

ஊர் மூச்சிரைத்து வந்து மேட்டைச் சூழ்ந்தது. வெடி வரவில்லை. காத்திருந்து காத்திருந்து, காளைக்குள் இருந்த அச்சம் மெல்லத் தளர்ந்தது. அச்சம் தளர்ந்ததும் வேறொன்றும் தளர்ந்தது. காலைமுதல் விழாவென்று ஊட்டிய இரண்டு வாளி அரிசிக்கஞ்சியும், நெடிய, தடித்த, ஆவி பறக்கும் அருவியாய், மேட்டின் புல்மேல் இறங்கிற்று. அது சுருக்கமாக முடியவில்லை.

முடிந்ததும் ஊர்த்தலைவர் கைஒலிபெருக்கியை உயர்த்தினார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார்.

“சுசோவும் சன்சோவும் சந்திக்கும்” என்று படித்தார். “வெடிக்கும். தண்ணி வரும்.” தாளை மடித்தார். “டீச்சர் ஒரு எழுத்துக் கூடத் தப்பா எழுதல.”

முதலில் சிரித்தவர் யாரென்று வரலாறு அறியாது. கடைசியில் சிரித்தவரை அறியும். குவாக் ஜோங்தே மண்வெட்டியை ஊன்றி, சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்து, தாடை நடுங்கி, மூக்கால் ஒரு சத்தம் விட்டு, தோற்றார்.

ஆனால் தாக் மன்போக் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

“அண்ணே” என்றார், பதின்மூன்று மாதத்தில் முதன்முறையாக வானத்தைப் பார்க்காமல். “தப்பு எம்மேல. எங்க விழணும்?”

“எங்க விழுவ? காஞ்ச இடமாப் பாத்து விழு.”

காய்ந்த இடம் எளிதில் கிடைக்கவில்லை. அதற்குள் கீழேயிருந்து ஹாரின் ஒரு வாளித் தண்ணீரோடு ஏறிவந்து மேட்டைக் கழுவிவிட்டாள். தாக் விழுந்து வணங்கினார். எழுந்து, மறுபடி விழுந்து வணங்கினார். இரண்டு வணக்கம், ஒரு மேடு. விகிதம் சரியாக இருந்தது என்பதை அங்கே ஒருத்தி மட்டும் கவனித்தாள்.

“மூணாவது தடவ வந்துச்சுன்னா சூப்பு வெச்சிடுவேன்” என்றார் குவாக். “அந்தப் பன்னிய... சரி, மாட்ட. மாட்டக் கீழ எறக்கு.” பிறகு ஹாரினைப் பார்த்தார். “ஏம்மா, இவ்வளவு கூத்துல அந்தக் குழாய்ல தண்ணி வந்துச்சா இல்லியா? அதப் பாக்கத்தான கூப்பிட்ட?”

ஊர் இறங்கி வந்தது. தாங்கியில் குழாய் அப்படியே இருந்தது. உள்சுவரில், கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரியும் மெல்லிய பனி. ஒரு பேரிடியின் மொத்த விளைச்சல்: அரைத்துளி. ஹாரின் இடுக்கியால் எட்டாவது காகிதத்தை எடுத்து, சுவரில் ஒற்றினாள். நீலம் தயங்கிற்று. விளிம்பில் வெளுத்தது. சிவந்தது.

“நீ அழுதேல்ல, அந்தத் தண்ணியா இருக்கும்” என்றாள் போங்.

“இல்லைங்க. குழாய் காஞ்சிருந்துச்சு” என்றாள் ஹாரின். எல்லோருக்கும் கேட்டது. கத்திய தொண்டை இன்னும் மூடவில்லை. “அதுக்காக நாப்பது பாக்கெட் கடற்பாசி தின்னேன்.”

நாற்பது பாக்கெட் என்றதும் ஊர் தலைவணங்கிற்று. அறிவியலை மறுப்போர் உண்டு. அவ்வளவு உப்பைத் தனியாகத் தின்றவளை மறுப்போர் இல்லை. சிவப்பு மையில் கட்டைவிரல்கள் தோய்ந்தன. குவாக் முதலில், தாக் அடுத்து, ஊர்த்தலைவர், பல் வைத்தியருடைய தாயார், முக்காலிகள் அனைத்தும். தலைமையாசிரியை எண்ணினார்.

“பத்தொன்பது.”

எல்லாக் கண்களும் போங் சுன்ரேயின்மேல் திரும்பின. அவள் சிவப்புக் கைகள் இரண்டையும் உயர்த்திக் காட்டினாள்.

“கையுறை ஈரம். இறுகிப்போச்சு, கழட்ட முடியாது. நான் என்ன பண்ண?”

கொடிது, கொடிது! அரைத்துளி வென்ற களத்தில் அரை அங்குல ரேகை இல்லாமல் ஒரு நாடு வீழ்வதா! தாக் மன்போக் தம் கழுத்துத் துண்டை எடுத்தார், சொன்டுங்கின் மூக்கை அழுந்தத் துடைத்தார், மைப்பெட்டியை எடுத்து அதில் ஒற்றினார், பதிவேட்டைத் தூக்கி அம்மூக்கில் அழுத்தினார். மனிதருக்குக் கட்டைவிரல் எப்படியோ, மாட்டுக்கு மூக்கு அப்படி. மாவட்டக் கால்நடைப் பதிவிலேயே மூக்கு ரேகைதான் கையெழுத்து.

“இவனும் இந்த ஊர்லதான் பொறந்தான்” என்றார் தாக். “காதுல பாருங்க, மஞ்ச வில்லை. என் அடையாள அட்டைய விட நம்பர் கம்மியில்ல. வந்தான், பாத்தான், எங்க எல்லாரையும் விட நல்லாவே கேட்டான்.”

பெயர் எழுதும் இடத்தில் ‘சுசோ’ என்று எழுதினார்.

தலைமையாசிரியை கண்ணாடியை இறக்கி அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். சிவப்பாய், ஈரமாய், கிண்ணத்தின் அகலத்தில் ஒரு மூக்கு. பக்கத்தில் பெயர். பலகையில் உள்ள சமன்பாட்டையும் ஒருமுறை பார்த்தார்.

“சோதனையில முதல்ல கலந்துகிட்டவரே அவர்தானே” என்றார். “இருபது.”

பதினோரு மாணவர்கள் ஆரவாரித்தார்கள். காளை எதற்கும் இருக்கட்டும் என்று காலை ஊன்றிக்கொண்டது. போங் சுன்ரே ஒரு பெருமூச்சில் கையுறை இரண்டையும் எளிதாகக் கழற்றினாள். மேசையருகே வந்து, குரலைத் தாழ்த்தி, பேரரசிகள் சமாதானம் பேசும் தோரணையில் கேட்டாள்.

“சரி, நீயே வெச்சுக்கோ. ஊர்மன்றத்துலயே நெருக்கி நிறுத்திக்கிறேன். ஆனா ஒரே ஒரு பெட்டி. சின்னது. எலும்புக்கூட்டுக்குப் பின்னாடி. யாருக்கும் தெரியாது.”

ஒன்பது மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் உடைய அந்நாட்டின் அரசி நிமிர்ந்தாள். முக்காலியிலிருந்து மலைமுகடுவரை கேட்கும் குரலில், காலம் உள்ளளவும் அழியாத அந்த ஒற்றைச் சொல்லை முழங்கினாள்:

“முடியாது!”

பிறகு ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள்.